லேக் ஃபோர்க்கில் பாஸ் பிடிக்கக் கைடு அமர்த்துவது: முதல்முறை போகிறவர்களுக்கு

டாலஸ் பக்கம் குடியேறிய நம்மாட்களில் பலருக்கு ஊரில் ஒரு குளமும் ஒரு தூண்டிலும் இருந்திருக்கும். மூங்கில் குச்சி, நைலான் நரம்பு, மயிலிறகுத் தண்டில் தக்கை, சிரட்டையில் மண்புழு. அந்த ஞாபகத்தில் இங்கே வால்மார்ட்டில் ஒரு ராடு வாங்கி, அபார்ட்மென்ட் குளத்தில் உள்ளங்கை அகலத்தில் இரண்டு மீன் பிடித்திருப்போம். அப்புறம் ஒருநாள் ஆபீஸில் யாராவது போனை நீட்டுவார்கள். படத்தில் ஒரு ஆள் கைக்குழந்தையைத் தூக்குவது போல இரண்டு கையாலும் ஒரு பச்சை மீனைத் தூக்கிக்கொண்டு நிற்பார். "எங்கே பிடிச்சது?" என்று கேட்டால், பாதி நேரம் பதில் லேக் ஃபோர்க்.

பாஸ் என்றதும் மேலதிகாரி ஞாபகம் வந்தால் தப்பில்லை, எனக்கும் அப்படித்தான் வந்தது. நம் ஊர் ஓட்டல்களில் 'சீ பாஸ்' என்று போடுகிற கொடுவாவுக்கும் இதற்கும் சொந்தம் கிடையாது. இது வட அமெரிக்க நன்னீர் மீன். முழுப்பெயர் லார்ஜ்மவுத் பாஸ். வாயைத் திறந்தால் நம் கை முஷ்டி உள்ளே போகும், பெயர்க் காரணம் அதுதான். மறைந்திருந்து பாய்ந்து கவ்வுகிற மீன். அதனால்தான் இதைப் பிடிப்பதில் இத்தனை பேருக்குப் பைத்தியம்.

லேக் ஃபோர்க் டாலஸுக்குக் கிழக்கே காரில் ஒன்றரை மணி நேரம். சபைன் ஆற்றில் போய்ச் சேரும் ஓர் ஓடையை 1980-இல் அணை கட்டி மறித்து உண்டாக்கிய நீர்த்தேக்கம். பரப்பு சுமார் 27,000 ஏக்கர், அதாவது ஏறக்குறைய 110 சதுர கிலோமீட்டர். தண்ணீரைத் தேக்கும்போது மரங்களில் பெரும்பகுதியை வெட்டாமல் அப்படியே விட்டுவிட்டார்கள். இன்றும் ஏரிக்குள் பட்ட மரங்கள் காடாக நிற்கின்றன. பாதி மரங்களின் தலை தண்ணீருக்கு ஒரு சாண் கீழே இருக்கும், வெளியே தெரியாது. படகு போவதற்கென்று பாதைகள் விட்டிருக்கிறார்கள், அதைத் தாண்டினால் அடிப்பகுதி கிழியும். மீனுக்கு அந்த மரங்கள்தான் வீடு. இத்தனை பெரிய தண்ணீரில் இன்றைக்கு மீன் எந்த மூலையில் நிற்கிறது, எந்த வழியாகப் போனால் படகு தப்பும் என்பதைத் தினமும் அதிலேயே கிடக்கிற ஆளால்தான் சொல்ல முடியும். கைடு, அதாவது காசு வாங்கிக்கொண்டு தன் படகில் மீன்பிடிக்கக் கூட்டிப்போகிற ஆள், எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் சொல்கிற பதில் இவ்வளவுதான்.

முதலில் உங்களையே கேட்க வேண்டியது

நான் முதல்முறை போனபோது செய்த தவற்றைச் சொல்லிவிடுகிறேன். மார்ச் மாதம், எட்டு மணி நேரப் பயணம், பெரிய மீன் மட்டுமே குறி என்று பெயரெடுத்த ஒரு கைடு. போனில் "அனுபவம் உண்டா?" என்று கேட்டார். குளத்தில் பிடித்த கெண்டையை எல்லாம் மனதில் எண்ணிக்கொண்டு "நிறைய உண்டு" என்றேன். அவர் நம்பிவிட்டார். காலையில் என் கையில் பெயிட்காஸ்டர் ரீலைக் கொடுத்தார். அது பெருவிரலால் சுருளை அழுத்தி அழுத்தி விட்டு வீச வேண்டிய ரீல். விரல் ஒரு நொடி தவறினால் நரம்பு முழுக்கத் தூக்கணாங்குருவிக் கூடு மாதிரி சிக்கிக்கொள்ளும். அன்றைக்கு நான் கட்டிய கூடுகளில் ஒரு குருவிக் கூட்டமே குடியேறியிருக்கலாம். மனிதர் முதல் மூன்று சிக்கலைப் பொறுமையாக எடுத்துக் கொடுத்தார். அப்புறம் பேச்சைக் குறைத்துக்கொண்டார். எட்டு மணி நேரத்தில் ஒரே ஒரு கடி. அதையும் விட்டேன்.

அவரிடம் குறை சொல்ல ஒன்றுமில்லை. பெரிய மீன் வேட்டை என்றால் நாள் முழுக்க ஒன்றிரண்டு கடிக்காகக் காத்திருப்பதுதான். அந்தக் கடிக்குத் தயாராக இல்லாதவன் நான்.

ஆகவே கைடைத் தேடும் முன் வீட்டில் உட்கார்ந்து ஒரு முடிவுக்கு வாருங்கள். வாழ்நாள் மீன் ஒன்று வேண்டுமா? எண்ணிக்கை வேண்டுமா, சின்னதோ பெரியதோ கை நிறையக் கடி இருந்தால் போதுமா? படகில் நின்று கற்றுக்கொண்டு வந்து பிறகு நீங்களாகவே பிடிக்க ஆசையா? பிள்ளைகளைக் கூட்டிப்போகிறீர்களா? அல்லது உண்மையிலேயே குழம்புக்கு மீன் வேண்டுமா? கடைசிக் கேள்விக்கு 'ஆமாம்' என்றால் பாஸ் கைடே வேண்டாம். அதே ஏரியில் கிராப்பி பிடிக்கவும் கெளுத்தி பிடிக்கவும் தனிக் கைடுகள் இருக்கிறார்கள். கிராப்பி முள் குறைந்த, இனிப்பான வெள்ளைச் சதை. வறுத்துப் பார்த்தால் பாஸை மறந்துவிடுவீர்கள்.

எந்த மாதம்

தண்ணீரின் வெப்பநிலை 60 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொடும் சமயத்தில் பாஸ் முட்டையிட ஆழமில்லாத ஓரங்களுக்கு வரும். இங்கே அது பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை. முட்டை சுமந்த பெரிய பெண் மீன்கள் எட்டும் தூரத்துக்கு வருவது அப்போதுதான், ஊர்க் கூட்டமும் அப்போதுதான். நல்ல கைடுகளின் மார்ச் மாதச் சனி, ஞாயிறு பல மாதங்களுக்கு முன்பே நிரம்பிவிடும். போதாக்குறைக்கு வசந்தகால வார இறுதிகளில் போட்டிகள் வேறு நடக்கும், படகு இறக்கும் இடத்திலேயே வரிசை நிற்கும். மார்ச்தான் வேண்டும் என்றால் ஒரு செவ்வாய்க்கிழமை லீவு போடுங்கள்.

புதியவர்களுக்கு என் ஓட்டு ஏப்ரல் கடைசி, மே மாதத்துக்குத்தான். முட்டையிட்டு முடித்த மீன் பசியோடு திரியும், காலையில் தண்ணீரின் மேல்மட்டத்திலேயே வந்து அடிக்கும். தவளைப் பொம்மையைப் பாசிமேல் இழுக்கும்போது அடியிலிருந்து 'டப்' என்று வெடித்துக் கிளம்புகிற அந்தச் சத்தத்தை ஒருமுறை கேட்டால் போதும். ஜூலை, ஆகஸ்டில் போவதானால் விடியற்காலை அரை நாள் மட்டும். பத்து மணிக்கு மேல் டெக்சஸ் வெயிலில் படகில் நிற்பது தண்டனை. மீனும் அப்போது ஆழத்துக்குப் போய்விடும். அக்டோபர், நவம்பர் நன்றாக இருக்கும், கூட்டமும் குறைவு.

ஒரு எச்சரிக்கை. வசந்தத்தில் வடக்கிலிருந்து குளிர்காற்று இறங்கி, மறுநாள் வானம் துடைத்த மாதிரி நீலமாக இருக்கும். நமக்கு அருமையான நாள் என்று தோன்றும். பாஸ் அன்றைக்கு வாயைப் பூட்டிக்கொள்ளும். மேகமூட்டமும் லேசான காற்றும்தான் நல்ல சகுனம்.

ஆளைத் தேடுவது

ஏரியைச் சுற்றி எமரி, ஆல்பா, யான்டிஸ், குவிட்மன் என்று சின்ன ஊர்கள். மரினா என்கிற படகுத்துறைகளிலும் தூண்டில் கடைகளிலும் கைடுகளின் அட்டைகள் அடுக்கி வைத்திருப்பார்கள். ஒரு சனிக்கிழமை சும்மா போய்வாருங்கள். கடைக்காரரிடம் "நான் புதுசு, பொறுமையாகச் சொல்லிக்கொடுக்கிறவர் யார்?" என்று கேளுங்கள். இணையத்தில் ஐந்து நட்சத்திரம் வாங்கிய பத்துப் பேரை விட, தினமும் அவர்களைப் பார்க்கிற கடைக்காரர் சொல்லும் ஒரு பெயர் எனக்குப் பெரிது.

இணையத்திலும் பாருங்கள், ஆனால் மீனின் அளவை மட்டும் பார்க்காதீர்கள். படங்களில் யார் சிரிக்கிறார்கள் என்று பாருங்கள். ஒவ்வொரு படத்திலும் கைடே மீனைப் பிடித்துக்கொண்டு நின்றால், அவர் நல்ல மீன்பிடிக்காரர் என்பதற்குத்தான் அது சாட்சி. வாடிக்கையாளர்கள், பிள்ளைகள், வயதானவர்கள் கையில் நடுத்தர மீன் இருக்கும் படங்கள் நிறைய இருந்தால் அவர் நமக்கான ஆள். ஜூலையில் போட்ட படத்தில் எல்லோரும் கம்பளி ஜாக்கெட்டில் நின்றால் அது பழைய படம். அப்புறம், "இன்று கஷ்டமான நாள், மூன்றே மீன்" என்று எழுதுகிற கைடை நான் நம்புவேன். தினமும் திருவிழா என்று எழுதுகிறவரை நம்பமாட்டேன்.

டெக்சஸில் காசு வாங்கிக்கொண்டு மீன்பிடிக்கக் கூட்டிப்போகிறவருக்கு மாநிலத்தின் பார்க்ஸ் அண்ட் வைல்ட்லைஃப் துறை கொடுக்கும் கைடு உரிமம் வேண்டும். "உரிமம் இருக்கிறதா? படகுக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறதா?" என்று கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. ஒழுங்கான ஆள் இரண்டுக்கும் ஒரே மூச்சில் பதில் சொல்வார். முகம் சுளித்தால் அடுத்த எண்ணுக்குப் போங்கள்.

போனில் பேசுவது

இந்த ஒரு வேலையை ஒழுங்காகச் செய்தால் மீதி எல்லாம் தானாக நடக்கும். குறுஞ்செய்தியில் முடித்துவிடாதீர்கள், பேசுங்கள். நம் ஆங்கிலம் அவருக்குப் புரியுமா, அவருடைய கிழக்கு டெக்சஸ் இழுவை நமக்குப் புரியுமா என்பதும் அந்தப் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். எட்டு மணி நேரம் ஒரே படகில் நிற்கப் போகிறீர்கள்.

எனக்கு இரண்டாவதாகக் கிடைத்த கைடு, நான் விலை கேட்கும் முன்பே கேள்வி கேட்க ஆரம்பித்தார். எத்தனை பேர், என்ன வயது? ஸ்பின்னிங் ரீலா (பெருவிரல் வேலை இல்லாத எளிய ரீல் அது), பெயிட்காஸ்டரா, எது பழக்கம்? யாருக்காவது முட்டிவலி, நடுக்கம் உண்டா? நாள் முடியும்போது எது நடந்திருந்தால் சந்தோஷப்படுவீர்கள்? அந்தக் கடைசிக் கேள்வியிலேயே முன்பணம் அனுப்ப நான் தயாராகிவிட்டேன். எதுவுமே கேட்காமல் தேதியையும் தொகையையும் மட்டும் சொல்கிற ஆள், உங்களுக்காகத் தன் நாளை மாற்றிக்கொள்ளப் போவதில்லை.

நீங்கள் உண்மையைச் சொல்லுங்கள். "குளத்தில் தக்கை போட்டுப் பிடித்திருக்கிறேன், செயற்கை இரை வீசியதே இல்லை" என்று சொன்னால் அவர் ஸ்பின்னிங் ரீல் எடுத்து வைப்பார். மரக்காட்டுக்குள் போகாமல், வீச இடம் இருக்கிற ஓரமாகக் கூட்டிப்போவார்.

நீங்கள் கேட்க வேண்டியவை: ராடு, ரீல், இரை எல்லாம் கட்டணத்தில் அடக்கமா? பெட்ரோல்? தொலைந்துபோகும் இரைக்குத் தனிக் காசு உண்டா? மூன்றாவது ஆள் வந்தால் எவ்வளவு கூட? பாஸ் படகில் இரண்டு பேர்தான் வசதி. மூன்று பேர் வீசினால் யாருடைய தொப்பியாவது மாட்டும், அல்லது காது. இடி மின்னல் வந்தால் முடிவு யாருடையது, முன்பணம் என்னவாகும்? கைடும் நம்மோடு சேர்ந்து மீன் பிடிப்பாரா? சில கைடுகள் முன்னால் நின்று நல்ல இடத்தில் எல்லாம் தாங்களே முதலில் வீசிவிடுவார்கள். மீன் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க நாலு வீச்சு வீசுவது வேறு, நாள் முழுக்க நமக்கு முன்னால் அறுவடை செய்வது வேறு. இதை முன்கூட்டியே பேசிவிட்டால் மனக்கசப்பு இல்லை.

இன்னொன்றும் கேளுங்கள்: லைவ்ஸ்கோப் பார்த்துப் பிடிப்பாரா? படகின் முன்னால் இருக்கும் மீனை அசையும் படமாகத் திரையில் காட்டும் சோனார் அது. மீன் இரையைப் பார்த்துத் திரும்புவதுகூடத் தெரியும். சிலருக்கு அது அற்புதம், சிலருக்கு வீடியோ கேம். எனக்கு அரை மணி நேரம் வேடிக்கையாக இருந்தது, பிறகு தண்ணீரைப் பார்க்க ஆசை வந்தது. தரையையும் மரத்தையும் பார்த்து மீன் எங்கே நிற்கும் என்று ஊகிக்கக் கற்றுக்கொள்ள ஆசை இருந்தால் அதை முன்பே சொல்லிவிடுங்கள்.

"மீன் கட்டாயம், உத்தரவாதம்" என்று யாராவது சொன்னால், நன்றி சொல்லி வைத்துவிடுங்கள்.

காசு

நான் விசாரித்த வரையில் அரை நாளுக்கு, அதாவது நான்கு மணி நேரத்துக்கு, 350 முதல் 450 டாலர். முழு நாளுக்கு 500 முதல் 700 டாலர். இது படகுக்கான தொகை, ஆளுக்கு அல்ல. அதனால் இரண்டு பேராகப் போவது லாபம். நூறு டாலர் போல முன்பணம் கேட்பார்கள். மீதியை அன்றைக்குப் பணமாகவோ, ஸெல் (Zelle) என்கிற பணம் அனுப்பும் சேவையிலோ கொடுக்கலாம். கட்டணத்தில் 15 முதல் 20 சதவீதம் டிப் இங்கே வழக்கம். மீன் கிடைக்கவில்லை என்பதற்காக டிப்பைக் குறைக்காதீர்கள். அவர் உழைத்தாரா, சொல்லிக்கொடுத்தாரா என்பதைப் பாருங்கள். முதல்முறைக்கு அரை நாளே போதும். கைப்பழக்கம் இல்லாதவர்களுக்கு ஐந்தாவது மணி நேரத்தில் தோள் கழன்றுவிடும்.

உங்கள் லைசென்ஸ்

கைடிடம் உரிமம் இருந்தால் நமக்கும் சேர்த்துத்தான் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். கிடையாது. 17 வயது ஆன எவரும் தூண்டிலைத் தொட்டால் சொந்த லைசென்ஸ் வேண்டும். சும்மா உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பவருக்கு வேண்டாம். டெக்சஸில் தொடர்ந்து ஆறு மாதத்துக்கு மேல் வசித்திருந்தால் நீங்கள் ரெசிடென்ட். நன்னீருக்கான ஆண்டு லைசென்ஸ் 30 டாலர். ரெசிடென்ட் அல்லாதவருக்கு 58 டாலர். ஒரே ஒரு நாளுக்கு என்றால் ரெசிடென்டுக்கு 11, மற்றவருக்கு 16. ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா, அம்மா, மாமனாருக்கு இந்தப் பதினாறு டாலர் சீட்டுதான் சரி. பார்க்ஸ் அண்ட் வைல்ட்லைஃப் இணையதளத்திலோ, வால்மார்ட், அகாடமி போன்ற கடைகளிலோ ஐந்து நிமிட வேலை. ஆண்டுக் கணக்கு செப்டம்பர் 1-இல் தொடங்கி ஆகஸ்ட் 31-இல் முடியும். ஜூலையில் முழுக் காசு கொடுத்து ஆண்டு லைசென்ஸ் வாங்கி ஏமாறாதீர்கள். விலையும் விதியும் மாறக்கூடியவை, போவதற்கு முந்தின வாரம் துறையின் இணையதளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

பிடித்த மீனை விடுவது

போன வருடம் மாமனாரைக் கூட்டிப்போயிருந்தேன். இரண்டாவது மணி நேரத்திலேயே அவருக்குப் பத்தொன்பது அங்குலத்தில் ஒன்று மாட்டியது. ஒன்றே முக்கால் கிலோ இருக்கும். அவர் முகத்தில் பத்து வயது குறைந்தது. கைடு படம் எடுத்தார், கை குலுக்கினார், மீனை மெதுவாகத் தண்ணீரில் விட்டார்.

மாமாவுக்குப் பேச்சே வரவில்லை. "என்ன மாப்பிள்ளை, கைக்கு வந்ததை விட்டுட்டாரு?"

"சட்டம் மாமா. அந்த அளவு மீனை வச்சுக்கக் கூடாது."

"அப்ப சின்னதா பிடிச்சா வச்சுக்கலாமா?"

"ஆமா மாமா."

"இது என்ன ஊரு!"

கேட்க வேடிக்கையாக இருந்தாலும் அந்த ஏரியின் பெருமையே இந்த விதியில்தான் இருக்கிறது. லேக் ஃபோர்க்கில் 16 அங்குலத்துக்கும் 24 அங்குலத்துக்கும் இடைப்பட்ட லார்ஜ்மவுத் பாஸை உடனே விட்டுவிட வேண்டும். அதற்குக் கீழே இருப்பதை வைத்துக்கொள்ளலாம். ஒரு நாளைக்கு மொத்தம் ஐந்து, அதில் 24-க்கு மேற்பட்டது ஒன்றே ஒன்று. பெரிதாக வளரப் போகிற நடுவயது மீனைக் காப்பாற்றுவதுதான் கணக்கு. ஏரி நிறையும் முன்பே, பெரிதாக வளரும் ஃபுளோரிடா இன பாஸ் குஞ்சுகளை அங்கே விட்டு வளர்த்திருந்தார்கள். அந்த இனமும் இந்த விதியும் தண்ணீருக்குள் நிற்கும் காடும் சேர்ந்துதான் படத்தில் பார்க்கிற அந்த மீன்கள்.

1986 நவம்பரில் மார்க் ஸ்டீவன்சன் என்ற கைடு இங்கே 17.67 பவுண்டு எடையில் ஒரு பாஸைப் பிடித்தார். எட்டு கிலோ. எதெல் என்று பெயர் வைத்து, பெரிய மீன்களைக் கடன் வாங்கி இனப்பெருக்கம் செய்யும் மாநிலத் திட்டத்துக்கு முதல் மீனாகக் கொடுத்தார். ஷேர்லங்கர் என்று அந்தத் திட்டத்துக்குப் பெயர். பிறகு மிசூரியில் ஒரு கடையின் கண்ணாடித் தொட்டியில் வாழ்ந்த எதெல் 1994-இல் செத்தபோது நினைவுக் கூட்டமே நடத்தினார்கள். இன்றும் ஜனவரி முதல் மார்ச் வரை 13 பவுண்டுக்கு மேல் பிடித்தால் துறைக்குப் போன் செய்யலாம், அவர்களே வந்து எடுத்துப்போவார்கள். உங்கள் கைடுக்கு அந்த நடைமுறை தெரிந்திருக்கும். மாநில சாதனையான 18.18 பவுண்டு மீனும் இதே ஏரியில், 1992 ஜனவரியில் கிடைத்ததுதான். பிடித்தவர் பாஸுக்காகப் போகவில்லை, கிராப்பி பிடிக்கச் சின்ன மீனை இரையாகப் போட்டிருந்தார். நான் இதை மாமாவுக்குச் சொன்னேன். "அப்ப இந்த ரப்பர் புழு எல்லாம் எதுக்கு?" என்றார்.

கையில் எடுக்கும்போது முதலில் கையைத் தண்ணீரில் நனைத்துக்கொள்ளுங்கள், உலர்ந்த கை அதன் மேல் வழுவழுப்பை உரித்துவிடும். கீழ்த்தாடையைப் பெருவிரலால் பிடிக்கலாம், பல் உப்புத்தாள் மாதிரிதான், கடிக்காது. கனமான மீனைத் தாடையில் மட்டும் தொங்கவிடாமல் இன்னொரு கையால் வயிற்றைத் தாங்குங்கள். படம் எடுப்பவர் தயாரான பிறகு மீனைத் தண்ணீரிலிருந்து தூக்குங்கள்.

அன்றைய நாள்

பொழுது விடியும்போது படகு இறங்கும். டாலஸிலிருந்து கிளம்புவதென்றால் அதிகாலை நான்கு மணிக்கு முன்பே எழ வேண்டும். பக்கத்தில் ஒரு மோட்டலில் முந்தின இரவே தங்கிவிடுவது நல்லது.

பாஸ் படகு இருபது அடி நீளம், பின்னால் 250 குதிரைத்திறன் எஞ்சின். முழு வேகத்தில் மணிக்கு அறுபது மைலைத் தாண்டும். மார்ச் காலையில் அந்தக் காற்று எலும்பில் ஏறும், வெளியே வெப்பநிலை எவ்வளவு என்று பார்த்து ஏமாறாமல் ஒரு ஜாக்கெட் அதிகம் எடுங்கள். தொப்பியைக் கழற்றி மடியில் வையுங்கள். 13 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் படகு போகும்போதும் மிதந்து நிற்கும்போதும் லைஃப் ஜாக்கெட் போட்டிருக்க வேண்டும் என்பது சட்டம். பெரியவர்களும் போட்டுக்கொள்ளுங்கள், நம்மில் எத்தனை பேருக்கு நீச்சல் தெரியும்? பிள்ளைகளின் அளவில் ஜாக்கெட் இருக்கிறதா என்று போனிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் ஓடும்போது கைடு தன் ஜாக்கெட்டில் ஒரு கயிற்றை மாட்டிக்கொள்வார். அவர் தவறி விழுந்தால் எஞ்சின் தானாக நின்றுவிடும். மாட்டாமல் கிளப்பினால் மரியாதையாகச் சொல்லுங்கள், இதுவும் சட்டம்தான்.

படகில் கழிப்பறை கிடையாது. பெண்களும் வயதானவர்களும் இதை நினைத்தே வராமல் இருந்துவிடுகிறார்கள். "இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மரினாவில் நிறுத்த முடியுமா?" என்று முன்பே கேட்டால் எந்தக் கைடும் மறுக்கமாட்டார்.

போலரைஸ்டு கண்ணாடி கட்டாயம். தண்ணீரின் பளபளப்பை வெட்டி அடியில் இருப்பதைக் காட்டும், பறந்து வரும் தூண்டில் முள்ளிலிருந்து கண்ணையும் காப்பாற்றும். கறை பதிக்காத அடிப்பாகம் உள்ள ஷூ. சன்ஸ்கிரீனைக் கரையிலேயே பூசிக்கொண்டு கையைத் துடைத்துவிடுங்கள்.

சாப்பாடு உங்கள் பொறுப்பு. படகின் தரை முழுக்கக் கார்பெட், புளிசாதத்தின் எண்ணெய் அதில் சிந்தினால் கைடு ஆயுசுக்கும் உங்களை மறக்கமாட்டார். சப்பாத்தி ரோல், இட்லி மிளகாய்ப்பொடி தடவியது, இதெல்லாம் சரி. வாழைப்பழம் மட்டும் வேண்டாம். படகில் வாழைப்பழம் இருந்தால் மீன் கிடைக்காது என்று இங்கே ஒரு நம்பிக்கை. நல்ல காரியத்துக்கு வாழைப்பழம் இல்லாமல் கிளம்பாத நமக்கு இது விசித்திரம்தான். நான் ஒருமுறை எடுத்துப்போனேன். கைடு சிரித்துக்கொண்டே அதை வாங்கி, கரையில் நின்ற தன் டிரக்கின் முன் சீட்டில் வைத்துப் பூட்டிவிட்டு வந்தார்.

வீசும் முன் பின்னால் பாருங்கள், ஒவ்வொரு முறையும். தக்கை முங்கியதும் வெட்டி இழுத்துப் பழகிய கை நமக்கு. இங்கே அது பாதி நேரம் தப்பு. ரப்பர் புழுவை அடியில் மெதுவாக நகர்த்தும்போது 'டக் டக்' என்று நரம்பில் ஒரு தட்டல் வரும். உடனே இழுக்காமல், தொய்வைச் சுற்றி எடுத்துவிட்டு, கனம் தெரிந்ததும் வலுவாக இழுங்கள். மேலே மிதக்கும் தவளையை மீன் அடித்தால் சத்தத்துக்கு இழுக்கவே கூடாது, கையில் எடை உணரும்வரை பொறுக்க வேண்டும். எனக்கு இது படிய மூன்று பயணம் ஆனது.

கேள்வி கேட்டுக்கொண்டே இருங்கள். ஏன் இந்த இடம்? ஏன் இந்த நிறம்? ஏன் இப்போது இடம் மாற்றினீர்கள்? நல்ல கைடுக்கு இந்தக் கேள்விகள் பிடிக்கும். தண்ணீரின் வெப்பநிலை, ஆழம், எந்த இரைக்கு எப்போது கடித்தது என்று இடைவேளையில் போனில் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அவர் காட்டிய இடங்களை ஜிபிஎஸ்ஸில் குறிக்காதீர்கள். கேட்டுவிட்டுக் குறிக்கலாம், சிலர் இரண்டு மூன்று இடங்களைத் தாங்களாகவே கொடுப்பார்கள். கேட்காமல் குறித்து அடுத்த வாரம் நண்பரின் படகோடு போய் அங்கே நின்றால், ஊர் சின்னது, அன்று மாலைக்குள் மரினா முழுக்கத் தெரிந்துவிடும். எனக்குத் தெரிந்த ஒருவர் இப்படிச் செய்துவிட்டு, இப்போது எந்தக் கைடுக்குப் போன் போட்டாலும் "அந்தத் தேதி நிரம்பிவிட்டது" என்றே பதில் வாங்கிக்கொண்டிருக்கிறார்.